கால் அகலமா, ஷூ குறுகலா?

இந்த வாரம் நெல்லைப் பற்றி இல்லை, ஷூவைப் பற்றி. வயல்ல வெறுங்காலோட நடக்கிறவனுக்கு ஷூவைப் பற்றி என்ன தெரியும்னு சிரிக்காதீங்க. கால் எப்படி இருக்கும்னு வெறுங்கால்காரனுக்குத்தான் நல்லாத் தெரியும்.

மாசி மகத்துக்குச் சாமிங்க தீர்த்தவாரிக்கு வர்ற புதுச்சேரி வைத்திக்குப்பம் உங்களில் பலருக்குத் தெரிஞ்சிருக்கும். அங்கே எனக்கு ஒரு சிநேகிதர், கடலுக்குப் போறவர். அவர் பையனும் என் பையனும் ஒண்ணாப் படிச்சவங்க. போன மாசம் அந்தப் பையனுக்குக் கல்யாணம். வரவேற்புக்கு மாப்பிள்ளை, தோழர்கள் அஞ்சு பேர், மாப்பிள்ளையோட அப்பா, ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கோட், ஒரே மாதிரி கறுப்பு ஷூன்னு முடிவாச்சு. கோட் வாடகைக்குக் கிடைச்சது. தொளதொளன்னு இருந்ததை டெய்லர் பிடிச்சுக் கொடுத்துட்டார். ஷூவை யார் பிடிச்சுக் கொடுப்பாங்க?

நாலு கடை ஏறி இறங்கினோம். எட்டாம் நம்பர் போட்டா நீளம் சரி, சுண்டுவிரல் நசுங்குது. ஒன்பது போட்டா விரல் தப்பிச்சது, குதிகால் கழண்டு வருது. ஒருத்தனுக்குச் சரியா இருந்த மாடலில் இன்னொருத்தன் நம்பர் இல்லை. கடைசிக் கடையில் சிநேகிதர் காலைப் பார்த்துட்டு விற்பனைப் பையன் சொன்னான்: “உங்க கால்தான் சார் ரொம்ப அகலம். போடப் போட லூசாயிடும்.” நாற்பது வருஷம் படகுல நின்ன மனுஷன், காலை மெதுவா நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கிட்டார். “விடுங்கண்ணே, நம்ம கால் அப்படி” என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பையன் மேல இல்லை, அந்த நம்பர் மேல.

அந்த நம்பர் எங்கிருந்து வந்தது? இங்கிலீஷ் முறையில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் மூன்றில் ஒரு அங்குலம். பழைய கணக்கில் அது ஒரு பார்லி மணியின் நீளம். பெட்டியில் 41, 42 என்று போட்டிருப்பது பிரெஞ்சுக்காரர் முறை, நம்பருக்கு 6.67 மில்லிமீட்டர். நாமும் தானியத்தால் அளந்தவர்கள்தான்: எட்டு நெல் ஒரு விரல், பன்னிரண்டு விரல் ஒரு சாண். அந்த நெல்லை அகலவாக்கில் அடுக்குவாங்க. இந்த ஷூ நம்பர் நீளத்தை மட்டும்தான் சொல்லும். இங்கிலாந்தில் ஒரே நீளத்துக்கு இரண்டு மூன்று அகலத்தில் ஷூ வாங்கலாம். நமக்கு நம்பரைக் கொடுத்தாங்க, அகலத்தைக் கொடுக்கலை.

நம்ம கால் எப்படின்னு யாருக்கும் தெரியாதுன்னும் சொல்ல முடியாது. சென்னை அடையாறில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பரில் ஆரம்பித்து 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் காலை அளந்தது. இந்தியர் கால் பொதுவாக அகலம் என்று தெரிந்தது. ‘பாரத்’ என்பதன் முதல் எழுத்தை வைத்து ‘பா’ என்று புது அளவு முறையும் பரிந்துரைச்சாங்க. நாங்க ஏறின நாலு கடையிலும் அதைக் கேட்டேன். அப்படின்னா என்னன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் நம்ம ஆளுங்க ஐரோப்பாக்காரன் காலுக்கு அச்சு மாறாமல் தைச்சு அனுப்புறாங்க. கைத்திறமை இல்லைன்னு யாரும் சொல்ல முடியாது.

“உங்களுக்கு எதுக்குங்க கோட்டும் ஷூவும்? வேட்டியும் செருப்பும் அழகா இருக்குமே” என்று ஒரு நகரத்து நண்பர் சொன்னார். ஐயா, அதை முடிவு பண்ண வேண்டியவர் போட்டுக்கிறவர். 1873-ல் இதே புதுச்சேரியில் பொன்னுத்தம்பிப் பிள்ளைங்கிற தமிழ் வக்கீல் ஷூ போட்டுக்கிட்டு கோர்ட்டுக்குப் போனார். கூடாதுன்னார் நீதிபதி. அவர் பாரீஸ் வரை வழக்கைக் கொண்டுபோய் ஜெயிச்சார். அவ்வளவு ஏன், சில தெருக்களில் செருப்பைக் கையில் தூக்கிக்கிட்டு நடந்த பெரியவங்களை நானே சின்ன வயசுல பார்த்திருக்கேன். காலில் என்ன போடலாம்னு அடுத்தவன் சொன்ன காலம் அது. இப்போ போடலாம்னு சொல்றாங்க, ஆனா நம்ம காலுக்கு ஷூ செய்ய மாட்டேங்கிறாங்க.

கடைசியில் ஒரு பழைய ஷூ தைக்கிறவரைப் பிடிச்சோம். காகிதத்தில் நிக்க வெச்சு, பென்சிலால் காலைச் சுத்தி வரைஞ்சு, நூலால் அகலம் எடுத்தார். இருந்த நாளில் ரெண்டு ஜோடிதான் முடிஞ்சது. ஒண்ணு சிநேகிதருக்கு. மூணு மணி நேரம் மேடையில் நின்னார், முகம் சுளிக்கலை. கடையில் வாங்கின அஞ்சு பேரில் நாலு பேர் ஷூ, பந்தி போடும்போது நாற்காலிக்கு அடியில் கிடந்தது.

கடைக்காரர்களே, காலை அளந்து விற்கப் பழகுங்க. கம்பெனிக்காரங்களே, ஒரு நம்பருக்கு ரெண்டு அகலமாவது செய்யுங்க. படிக்கிற நண்பர்களே, ஷூ வாங்க சாயங்காலமாப் போங்க, அப்போதான் கால் முழு அளவுக்கு வந்திருக்கும். ரெண்டு காலுக்கும் போட்டு எழுந்து நின்னு பாருங்க. உங்க கால் அகலம்னு யாராவது சொன்னா காலை உள்ளே இழுத்துக்காதீங்க. “கால் சரியாத்தான் இருக்கு தம்பி, உங்க ஷூதான் குறுகல்”னு சொல்லிட்டு எழுந்து வாங்க.