புயல் கூண்டு யாருக்கு?

ஐப்பசி, கார்த்திகை வந்தாச்சுன்னா டிவியில கீழே ஓட ஆரம்பிச்சிடும்: "கடலூர், நாகை துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம்". அப்படின்னா என்னன்னு பக்கத்துல இருக்கிறவரைக் கேட்டுப் பாருங்க. "ஏதோ புயல் வருதாம்" என்பார். அதுக்கு மேல கேட்டா முறைப்பார்.

அவரைக் குத்தம் சொல்ல முடியாது. அது கப்பல்காரங்களுக்கான பாஷை. மொத்தம் 11 எண்கள். 1, 2 என்றால் வானிலைக் கோளாறு தூரத்துல இருக்கு. 3, 4 என்றால் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரலாம். 8 முதல் 10 வரை பெரும் ஆபத்து. இருக்கிறதுலயே சுவாரஸ்யம் 11 தான். வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துபோச்சு, ஆனாலும் ஆபத்து இருக்குன்னு துறைமுக அதிகாரி நினைக்கிறார் என்று அர்த்தம். செய்தி வராமல் போவதையும் கணக்கில் வைத்திருக்கிறார்கள் பாருங்க!

கப்பல்காரருக்குக் கூண்டைப் பார்த்ததும் என்ன செய்யணும்னு தெரியும். கரையில குடிசை போட்டிருக்கிற நம்மாளுக்கு?

2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் பூமி குலுங்கியது நம்ம நேரப்படி காலை 6.29-க்கு. நாகப்பட்டினத்துக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. அந்த நேரம் முழுக்க வீணாப் போச்சு. அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

அதே நாள் புதுச்சேரி பக்கத்துல நல்லவாடு கிராமம். சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருத்தர் சேதி தெரிந்து வீட்டுக்கு போன் போட்டார். அங்கே எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் கிராம அறிவு மையம் இருந்தது, அதில் ஒரு ஒலிபெருக்கி. மீனவர்களுக்குக் கடல் நிலவரம் சொல்ல வைத்தது. அதிலேயே "ஓடுங்க"ன்னு அறிவிச்சாங்க. ஊர் தப்பிச்சுது.

தினமும் கேட்டுப் பழகின குரல், புரிகிற பேச்சு, செய்ய வேண்டியது ஒரே ஒரு வேலை. அவ்வளவுதான் விஷயம்.

இப்போ கருவிக்குக் குறையில்லை. 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கு. 2023 அக்டோபர் 20 அன்று நம்ம செல்போன்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அலறினது ஞாபகம் இருக்கும். டவர் எல்லைக்குள் இருக்கும் போன்களுக்கெல்லாம் ஒரே வீச்சில் போகும் செய்தி, நல்ல ஏற்பாடு. ஆனா 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி வந்தப்போ, "கடலுக்குப் போகாதீங்க"ன்னு சொன்ன நேரத்தில் குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே நடுக்கடலில். அங்கே டவர் ஏது?

அடிக்கடி எச்சரித்தால் ஜனங்க மதிக்க மாட்டாங்கன்னு ஒரு வாதம் உண்டு. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலநடுக்கம். சென்னையில் ஆபீஸ்களை விட்டு ஜனங்க தெருவுக்கு வந்தாங்க. பெரிய அலை வரலை. கடலடித் தட்டு பக்கவாட்டில் நகர்ந்ததால் தண்ணீர் பெரிசா மேலெழும்பவில்லை. காரணத்தை மறுநாளே தெருத்தெருவா விளக்கினா, அடுத்த தடவையும் ஓடுவாங்க. விளக்காம விட்டாத்தான் "சும்மா பூச்சாண்டி" ஆகிடும்.

என் கட்சி இதுதான். செய்தி அனுப்பியாச்சுன்னு கோப்பை மூடுறதோட எச்சரிக்கை முடியறதில்லை. எந்தத் தெரு காலி பண்ணணும், எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகணும், எத்தனை மணிக்குள்ள என்று சொல்லணும். போன் இல்லாத பாட்டி வீட்டுக் கதவைத் தட்ட ஒரு ஆள் வேணும். அந்த ஆள் யாருன்னு ஊருக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கணும்.

உங்க தெருவுல அது யாரு? கேட்டுப் பாருங்க. பதில் வரலைன்னா, 11-ஆம் எண் கூண்டு ஏத்தியாச்சுன்னு வெச்சுக்க வேண்டியதுதான்.