சாவின் மேல் போடும் பழி

செப்டம்பர் 15 வந்தாலும் சரி, பிப்ரவரி 3 வந்தாலும் சரி, கிருஷ்ணன்கோவில் பஸ் ஸ்டாப் பக்கம் ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். கொடியின் நிறம் மாறும், பேச்சு மாறாது. அண்ணா இன்னும் பத்து ஆண்டு இருந்திருந்தால் தமிழ்நாட்டின் தலையெழுத்தே வேறு என்பார்கள். கட்சி உடைந்திருக்காது, நடிகர்கள் நாடாள வந்திருக்க மாட்டார்கள், கள்ளுக்கடை திறந்திருக்காது, ஊழல் தலைகாட்டியிருக்காது, டெல்லி நம்மை மிரட்டியிருக்காது என்று அடுக்குவார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு ஆத்திரம்தான் மிஞ்சுகிறது. அண்ணாமேல் எனக்கு மரியாதை உண்டு. அதனால்தான் ஆத்திரம். உயிரோடு இருந்தவர்கள் செய்த தவறுகளுக்கெல்லாம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 59 வயதில் கண் மூடிய மனிதரின் சாவைக் காரணம் காட்டுகிறார்கள்.

கட்சி உடைந்திருக்காது என்பதில் தொடங்குவோம். திமுகவே 1949இல் பெரியாரின் திராவிடர் கழகத்திலிருந்து உடைந்து பிறந்தது. உடைத்துக்கொண்டு வந்தவர் அண்ணா. அதன்பிறகு 1961இல் ஈ.வெ.கி. சம்பத் வெளியேறித் தமிழ்த் தேசியக் கட்சி தொடங்கினார். கண்ணதாசனும் உடன் போனார். அப்போது அண்ணா நல்ல உடல்நலத்தோடு, எதிர்த்துப் பேச ஆளில்லாத தலைவராக இருந்தார். எவ்வளவோ சமாதானம் பேசியும் அவரால் சம்பத்தை நிறுத்த முடியவில்லை. சம்பத்தின் குறைகள் என்ன? கட்சிக்குள் நடிகர்களுக்குக் கிடைத்த இடம் ஒன்று. திராவிட நாடு நடக்காத காரியம் என்பது இன்னொன்று. இரண்டே ஆண்டில், 1963இல், அண்ணாவே திராவிட நாட்டைக் கைவிட்டார். ஆனால் போனவர் போனவர்தான். அண்ணா இருந்த காலத்தில் சம்பத் திமுகவுக்குத் திரும்பவில்லை.

நடிகர் விஷயத்தில்தான் இந்தப் பேச்சு என்னை அதிகம் உறுத்துகிறது. ‘நல்லதம்பி’யும் ‘வேலைக்காரி’யும் 1949இல் வந்தன, இரண்டும் அண்ணாவின் எழுத்து. திரையைக் கட்சியின் மேடையாக்கும் வழியை வெட்டியவர் அவர். 1962 தேர்தலைப் பாருங்கள். மேற்கு மலைக்கு அந்தப் பக்கம் தேனியில் எஸ்.எஸ். ராஜேந்திரன் ஜெயித்துச் சட்டமன்றம் போனார். அதே தேர்தலில் சொந்த ஊரான காஞ்சிபுரத்தில் அண்ணா தோற்றார். கட்சியை உண்டாக்கிய தலைவர் சட்டமன்றத்துக்கு வெளியே நிற்க, நடிகர் உள்ளே உட்கார்ந்தார். நடிகரின் பலம் அண்ணா போனபிறகு முளைத்தது என்று எந்த முகத்தோடு சொல்கிறார்கள்? 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். கழுத்தில் கட்டோடு அவர் இருந்த படம் ஊர் ஊராகச் சுவரேறியது. தொகுதிப் பக்கம் தலைகாட்டாமலே பரங்கிமலையில் ஜெயித்தார். அந்தப் பிரசாரத்தின் தலைவர் அண்ணா. பத்து ஆண்டு கூடுதலாக இருந்திருந்தால், தானே வளர்த்த அந்தப் பலத்தோடு அவரும் மல்லுக்கட்ட வேண்டியிருந்திருக்கும்.

மதுவிலக்கை 1971இல் தளர்த்தியதை அண்ணா செய்திருக்க மாட்டார் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் அவருடைய ரூபாய்க்குப் படி அரிசித் திட்டமே சென்னை, கோவையைத் தாண்ட முடியாமல் நின்றதற்குக் காரணமான அதே கஜானாதான் அவர் கையிலும் இருந்திருக்கும்.

ஊழல் பற்றிச் சொல்ல அதிகமில்லை. 1967 மார்ச் 6 முதல் சாகும்வரை இரண்டு ஆண்டுகூட நிறையாத ஆட்சி, அதிலும் கடைசி மாதங்கள் நோயோடு கழிந்தன. அதை வைத்துப் பத்தாண்டுக்குச் சான்றிதழ் எழுத முடியாது. அந்தச் சிறிய காலத்தில்தான், 1968 டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு கொளுத்தப்பட்டார்கள். முதல்வரின் நல்ல மனம் பண்ணையாரின் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. இதை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

கொஞ்சம் படித்த பேச்சாளர் என்றால் ஜெர்மனியைத் துணைக்கு அழைப்பார். 1929 அக்டோபர் 3 அன்று வெளியுறவு அமைச்சர் ஸ்ட்ரெஸ்மான் 51 வயதில் சாகாமல் இருந்திருந்தால் ஹிட்லர் வந்திருக்க மாட்டான் என்பார். ஸ்ட்ரெஸ்மான் பெரிய மனிதர்தான், 1926இல் அமைதிக்கான நோபல் பரிசை பிரான்சின் பிரியானோடு பகிர்ந்துகொண்டவர். ஆனால் 1920இல் 65 இடம் வைத்திருந்த அவருடைய கட்சி, அவர் உயிரோடிருந்த 1928இலேயே 45க்கு இறங்கிவிட்டது. அவர் இறந்து மூன்றே வாரத்தில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. அமெரிக்கக் கடனை நம்பி ஓடிய ஜெர்மனி படுத்தது. 1932இல் சுமார் 60 லட்சம் பேருக்கு வேலையில்லை. 1928இல் 12 இடம் பிடித்த நாஜிகள் 1930இல் 107 பிடித்தார்கள். ஒற்றை அமைச்சர் உயிரோடிருந்து வேலையில்லாதவன் வீட்டில் அடுப்பை எரிய வைத்திருக்க முடியுமா?

டெல்லி கதையும் அப்படித்தான். அண்ணா இறந்த அதே 1969இல் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. பெரும்பான்மை இழந்த இந்திராவுக்குத் திமுகவின் 25 எம்.பி.க்கள் தேவைப்பட்டார்கள். 1971இல் அவருக்கு மட்டுமே 350க்கு மேல் இடம் கிடைத்ததும் தேவை தீர்ந்தது. 1976 ஜனவரி 31 அன்று திமுக ஆட்சியைக் கலைத்தார். இந்தக் கணக்கில் எந்த இடத்தில் அண்ணாவின் உயிர் விடையை மாற்றுகிறது?

தலைவர் உயிரோடு இருந்தால் போதும் என்ற நம்பிக்கை எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் பேசப்படுவதுதான் எனக்குப் புரியவில்லை. ராஜபாளையத்துக்காரர் குமாரசாமி ராஜா முதல்வராக இருந்துகொண்டே 1952இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நாடாளுமன்றம் போன காமராசரை, 1967இல் சொந்த ஊர் விருதுநகர் 1,285 வாக்கில் தோற்கடித்தது. பள்ளிக்கூடமும் மதிய உணவும் தந்த மனிதர் கண்ணெதிரே நின்று வாக்குக் கேட்டார். அரிசிப் பஞ்சமும் இந்தி எதிர்ப்பும் அவரைவிடப் பெரிதாக இருந்தன. 1972இல் தேர்தலைச் சந்தித்திருக்க வேண்டிய அண்ணாவுக்கு மட்டும் அந்த விதி கிடையாதா?

அண்ணா தனக்குப்பின் யார் என்று அறிவிக்காமல் போனார். நெடுஞ்செழியன் தற்காலிக முதல்வரானார். ஏழாம் நாள், பிப்ரவரி 10 அன்று, கருணாநிதி முதல்வரானார். அவருக்குத் துணை நின்றவர்களில் எம்.ஜி.ஆரும் ஒருவர். நான்கு ஆண்டு நிறைவதற்குள் இருவரும் முறித்துக்கொண்டார்கள். அந்த ஏழு நாளில் எந்தச் சட்டமன்ற உறுப்பினர் எந்தப் பக்கம் சாய்ந்தார், என்ன பேரம் நடந்தது, 1972 அக்டோபரில் கட்சிக் கணக்கைக் கேட்ட எம்.ஜி.ஆரை ஏன் வெளியேற்றினார்கள் என்று அடுத்த பிப்ரவரி 3 கூட்டத்தில் பேசட்டும். நான் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிறேன்.