சாவி யார் பையிலே?

"வேலை முடிந்ததா? போடு சுவிட்சை!"

நாலே சொல். சொல்பவர் மேற்பார்வையாளர், அவர் நிற்பது மேசையோரம். யந்திரத்தின் வயிற்றுக்குள்ளே குனிந்து கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருப்பவனோ நம் தோழன்! அவன் காதிலே அந்தச் சொல் விழுமுன்னே மின்சாரம் வந்துவிடுகிறது.

ஓடும் யந்திரத்துக்கு அஞ்சுகிறோம். வேலி போடுகிறோம், 'அபாயம்' என்று பலகை மாட்டுகிறோம். நின்ற யந்திரத்துக்கு அஞ்சுவார் யார்? பழுதுபார்த்து, மறுபடி உயிர் கொடுக்கும் அந்த ஒரு நிமிடம் இருக்கிறதே, அதுதான் ஆளை விழுங்கும் நிமிடம்.

ஸ்காட்லாந்துக் கரைக்கு அப்பால், வடகடலிலே, பைப்பர் ஆல்பா என்றோர் எண்ணெய் மேடை இருந்தது. 1988ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், பகல் முறையினர் ஒரு பம்பின் காப்பு வால்வைச் சோதனைக்காகக் கழற்றினர். அந்த இடத்தை ஒரு தகட்டால் மூடிவிட்டுச் சென்றனர். வேலை முடியவில்லை என்பதற்குச் சீட்டும் இருந்தது. இரவு முறையினருக்கு அந்தச் செய்தி எட்டவில்லை. ஓடிக்கொண்டிருந்த மற்றொரு பம்பு திடீரென நின்றது. உற்பத்தி நின்றுவிடுமே என்ற பதைப்பு! கழற்றிய பம்புக்கே மின்சாரம் கொடுத்து ஓட்டினர். வாயு கசிந்தது, வெடித்தது, 167 பேர் மாண்டனர். சீட்டு இல்லாததால் சாகவில்லை அவர்கள். சீட்டு இருந்தது, சொல் இல்லை!

கடல் கடந்த கதை என்பீர்களோ? நெய்வேலி எந்தக் கடலுக்கு அப்பால் இருக்கிறது? 2020 ஜூலை முதல் நாள், இரண்டாம் அனல்மின் நிலையத்தின் 5ஆம் அலகு, நின்றிருந்ததை மறுபடி இயக்க முனைந்த வேளையிலே வெடித்தது. அன்றே ஆறு தொழிலாளர் மாண்டனர். பிறகு மருத்துவமனையிலே மாண்டோரும் உண்டு. அதே ஆண்டு மே மாதம், ஊரடங்குக்குப்பின் ஆலை திறப்போருக்குத் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் கூறிய அறிவுரை என்ன? முதல் வாரத்தைச் சோதனை ஓட்டமாகக் கொள்ளுங்கள், பெரும் உற்பத்திக்குத் துடிக்காதீர்கள் என்பது!

மின்வாரியத் தோழனைக் கேளுங்கள். கம்பத்தில் ஏறுமுன் 'எல்.சி.' வாங்குவான். இறங்கிய பின், எர்த் ராடை எடுத்து, ஆட்களை எண்ணி, எல்.சி.யைத் திருப்பிக் கொடுப்பான். வாங்கியவன் திருப்பித் தராதவரை, ஊரே இருட்டிலே கூச்சலிட்டாலும் பிரேக்கரைப் போடக்கூடாது. ஊராரின் திட்டு விழும், விழட்டும்!

ஆலைக்கும் அதுவே முறை. ஸ்பேனரோ கந்தலோ உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கவேண்டும். கழற்றிய கார்டை மாட்டவேண்டும். வேலைக்காக வைத்த எர்த்தை எடுக்கவேண்டும். மறந்து மெயினைப் போட்டால் பலகையே நெருப்பைக் கக்கும். மெக்கர் வைத்துப் பார்க்கவேண்டும். யந்திரத்தின் சுவிட்சு 'ஆப்' நிலையில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். இல்லையேல் மெயினைப் போட்டதும் யந்திரம் தானே துள்ளும். ஆட்களைப் பெயர் சொல்லி அழைத்து எண்ணியபின், அவரவர் பூட்டை அவரவரே திறக்கவேண்டும். மெயினுக்கு நேரே முகத்தை நீட்டாமல், பக்கத்தில் ஒதுங்கி நின்று போடவேண்டும். பெல்ட் மாட்டுமுன் மோட்டாரைத் தனியே ஒரு தட்டுத் தட்டிப் பார்ப்பது நல்லது. கம்பி மாறியிருந்தால் எதிர்ப்புறம் சுற்றும்.

இத்தனைக்கும் ஆகும் நேரம் அரைமணியோ ஒருமணியோ. அந்த ஒருமணியைத்தான் தரமாட்டேன் என்கிறது நிர்வாகம்!

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவிலே, 1976ஆம் ஆண்டுத் திருத்தம் ஒன்று புகுந்தது: தவறி 'ஆன்' ஆகிவிடக்கூடிய சுவிட்சுக்குப் பூட்டும் ஏற்பாடு வேண்டும் என்று. பூட்டைப் பற்றிச் சொன்ன அப்பிரிவு, சாவி யாரிடம் என்று சொல்லவில்லை. அமெரிக்காவிலே 1989இல் வந்த விதி சொல்லுகிறது: பூட்டியவனே திறக்கவேண்டும். அவன் வீட்டுக்குப் போய்விட்டானா? ஆலையில் அவன் இல்லை என்று நிர்வாகம் உறுதிசெய்து, அவனைத் தேடித் தெரிவிக்க முயன்று, மறுபடி அவன் வேலையில் கைவைக்குமுன் பூட்டு எடுக்கப்பட்டதை அவனுக்குச் சொல்லியாகவேண்டும். முதலாளித்துவத்தின் கோட்டையிலேயே இந்த விதி என்றால், இங்கே ஏன் கசக்கிறது?

ஒப்பந்தத் தொழிலாளியை எண்ணிப் பாருங்கள். 'நாளைக்கும் வா' என்ற ஒரு சொல்லுக்குக் காத்துக்கிடப்பவன், "இன்னும் முடியவில்லை, போடாதே!" என்று கூவுவானா? கூவினால், மறுநாள் வாயிலிலே அவன் பெயர் இருக்குமா? பூட்டு இல்லாதவன் அவன், குரலும் இல்லாதவன். முதலாளியின் வருகைக்கு வாங்கும் ரோஜா மாலையின் விலை வருமா ஒரு பூட்டு?

தோழர்களே, வரும் கோரிக்கைப் பட்டியலிலே, போனசுக்குக் கீழே அல்ல, மேலே எழுதுங்கள்: ஆளுக்கொரு பூட்டு, அதற்கு ஒரே சாவி, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் உண்டு. முறை மாறும்போது யந்திரத்தின் அருகிலேயே, நேருக்கு நேர் ஒப்படைப்பு. 'போடாதே' என்று சொன்னவன்மீது நடவடிக்கை இல்லை என எழுத்திலே உறுதி. வாயிற்கூட்டத்துக்கு வருமுன், உங்கள் ஆலையின் ஸ்டோரிலே இன்று எத்தனை பூட்டு இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வாருங்கள்.