பேஸ்டல் என்றால் மெழுகு அல்ல

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை எந்தத் தெருவில் நுழைந்தாலும் 'ட்ராயிங் கிளாஸ்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. சந்தோஷம். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் எல்லா வகுப்பிலும் ஒரே படம்தான். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். எல்லார் கையிலும் ஒரே பெட்டி, ஆயில் பேஸ்டல். அதையே 'பேஸ்டல்' என்று குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். இதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

ஆயில் பேஸ்டல் என்பது நிறத்தூளை மெழுகிலும் எண்ணெயிலும் குழைத்த குச்சி. 1920களில் ஜப்பானில் சகுரா கம்பெனி பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கொண்டு வந்தது. கை அதிகம் அழுக்காகாது, தூள் பறக்காது, விலையும் குறைவு. பள்ளிக்கூடங்கள் அதைப் பிடித்துக்கொண்டதில் தவறில்லை. ஆனால் அது முழுசாகக் காயவே காயாது. நம் ஊர் மே மாத வெயிலில் பிசுபிசுக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறத்தை மெல்லிசாகப் போட்டுக் கீழே இருப்பதைக் காட்ட அதில் லேசில் முடியாது. அழுத்தி நிரப்பலாம், அவ்வளவுதான். நிரப்பத்தான் வகுப்பிலும் சொல்லித் தருகிறார்கள்.

உண்மையான பேஸ்டல், அதாவது சாஃப்ட் பேஸ்டல், வேறு ஜாதி. நிறத்தூள், சாக் பவுடர், ஒட்டுவதற்குத் துளி பிசின். இவ்வளவுதான் பொருள். பாரிஸில் ரோஷே என்ற பழைய வீடு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறங்களில் இன்னும் கையாலேயே குச்சி உருட்டுகிறது. தெகா வரைந்த நடனப் பெண்களெல்லாம் பெரும்பாலும் இந்தக் குச்சியில் வந்தவர்கள்தான். நம் நாட்டிலும் அபனீந்திரநாத் தாகூர் கல்கத்தாவில் கில்லார்டி என்ற இத்தாலிய ஆசிரியரிடம் பேஸ்டல் கற்றவர்.

"அது வெறும் சாக்பீஸ் சார், ஊதினால் போய்விடும்" என்பார்கள். லியோதார் என்ற ஓவியர் 1740களில் பேஸ்டலில் வரைந்த சாக்லேட் பெண் இன்றும் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரில் கண்ணாடிக்குப் பின்னால் பளிச்சென்று நிற்கிறாள். எண்ணெய் வண்ணத்தில் எண்ணெய் மஞ்சளாகும், வார்னிஷ் கருக்கும். பேஸ்டலில் அவை இரண்டும் கிடையாது. வேண்டியது கண்ணாடியும், அது படத்தைத் தொடாதபடி நடுவில் ஒரு மவுண்ட் அட்டையும். நமக்கு ஐப்பசி, கார்த்திகை ஈரம் உண்டு. அதனால் மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில் மாட்டினால் பூஞ்சைத் தொல்லை பெரும்பாலும் குறையும்.

"விலை அதிகம்" என்பது அடுத்த வாதம். வெளிநாட்டு செட் விலை அதிகம்தான். மகன் அமெரிக்காவிலிருந்து வாங்கி வந்த பெட்டியைத் தொடவே பயந்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. நான் கேட்பது வேறு. அந்த செட்டில் உள்ள பச்சைகளை நம் ஊரில் எங்கே பார்த்தீர்கள்? அவை ஐரோப்பியப் புல்வெளியின் பச்சை. நம்முடையது தூசி படிந்த வேப்பிலைப் பச்சை, பனையோலையின் சாம்பல் பச்சை. பல்லாவரம் மலைக் கல் நீலம் ஓடிய கருஞ்சாம்பல். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் கல்லறையில் இருப்பதும் இதே இனக் கல்தான், அதனால்தான் அதற்குச் சார்னோகைட் என்று பெயர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் அந்தப் பல்லாவரத்தில்தான் ஆதி மனிதனின் கல்லாயுதத்தைக் கண்டெடுத்தார். அந்தச் சாம்பல் நிறம் எந்த செட்டிலும் தனியாக வராது. நாம்தான் செய்ய வேண்டும்.

செய்வதும் கஷ்டமில்லை. டிராககாந்த் பிசின், வடக்கே கோந்த் கத்தீரா என்பார்கள். அரை லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் போட்டு ஒரு ராத்திரி ஊற வைத்தால் கஞ்சி மாதிரி உப்பும். சாக் பவுடரோடு நிறத்தூளைக் கலந்து, அந்தக் கஞ்சியை விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைந்து, விரல் பருமனுக்கு உருட்டி, நிழலில் சில நாள் காயப் போட வேண்டும். காய்ந்த குச்சி கல் மாதிரி இருந்தால் பிசின் அதிகம், உதிர்ந்தால் குறைவு. காவி போன்ற மண் நிறங்களுக்குப் பிசின் மிகக் குறைவாகவே போதும். கருவேலம் பிசினைப் போடாதீர்கள், குச்சி இறுகிவிடும். ஒரே நிறத்தில் சாக் பவுடரைக் கூட்டிக்கொண்டே போனால் ஐந்து குச்சி கிடைக்கும், அடர்த்தியிலிருந்து வெளிர் வரை.

நிறத்தூளுக்கு எங்கே போவது? கோலத்துக்கு ஓரம் கட்டும் காவி, விளக்குக் கரி, வேட்டிக்குப் போடும் தூள் நீலம் (அது அல்ட்ரமரைன் வகை, சொட்டு நீலம் ஆகாது), மஞ்சள் காவி. இந்த நாலும் சாக்கும் இருந்தால் தாம்பரம் முழுவதையும் வரையலாம். சமையல் மஞ்சள்தூளும் கலர் கோலப்பொடியும் மட்டும் வேண்டாம், வெயிலில் வெளுத்துவிடும். ஜாமினி ராய் ஐரோப்பிய வண்ணத்தை விட்டுவிட்டு மண்ணும் சுண்ணமும் விளக்குக் கரியும் புளியங்கொட்டைப் பசையும் வைத்து வரைந்தாரே, அவரை ஏழை ஓவியர் என்று யாராவது சொல்கிறார்களா?

கடையில் வாங்குவதானால் லேபிளைப் படியுங்கள். குச்சியில் அழகான பெயர் இருக்கும், அதை நம்பாதீர்கள். பி.பி. 29 என்றால் அல்ட்ரமரைன், பி.ஒய். 43 என்றால் மஞ்சள் காவி. இந்த எண் போடாத குச்சியைச் சந்தேகப்படுங்கள். ஒரு தாளில் கோடுகள் போட்டுப் பாதியை அட்டையால் மூடி, மூன்று மாதம் ஜன்னலில் வையுங்கள். அட்டையை எடுத்தால் எது நிற்கும் நிறம், எது ஓடும் நிறம் என்று நம் வெயிலே சொல்லிவிடும். தாள் வழவழப்பாக இருக்கக் கூடாது. புதுச்சேரி ஆசிரமத்தின் கைக்காகிதம் நன்றாகப் பிடிக்கும். பழகுவதற்கு நைசான உப்புத்தாளே போதும்.

தூசியைப் பற்றிய பயத்தில் நியாயம் உண்டு. காட்மியம், ஈயம் கலந்த நிறங்களைக் குழந்தைகள் கிட்டே கொண்டு போகாதீர்கள். தூள் கலக்கும்போது பெரியவர்களும் முகக்கவசம் போடுங்கள். படத்தை வாயால் ஊதாமல் பலகையைத் தட்டுங்கள். ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். இதற்குப் பயந்து மெழுகுக் குச்சியே போதும் என்பது, கத்தி வெட்டும் என்று காய்கறியே நறுக்காமல் இருப்பது போல.

பிள்ளைக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தால் அது பெட்டியில் உள்ள நிறத்தைத்தான் தேடும். நிறத்தை அதன் கையாலேயே கலக்க வைத்தால் முதலில் வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தாக வேண்டும். பள்ளிக்கரணை சதுப்பில் செங்கால் நாரைக் கூட்டம் இறங்கும்போது தண்ணீர் என்ன நிறம்? சேலையூர் ஏரிக் கரையில் சாயங்கால மண் என்ன நிறம்? இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைகள் நம் தெருவில் எத்தனை பேர்? ஏரிகள் ஒவ்வொன்றாக பிளாட்டாகிக்கொண்டிருக்கும் ஊர் இது. அவற்றின் நிறம் தெரியாமலே வளர்கிற தலைமுறைக்கு, அவை போனால் போனதுகூடத் தெரியாது.

வகுப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். வருகிற விடுமுறையில் ஒரு வாரம் அந்த இரண்டு மலையையும் ஆற்றையும் மூட்டை கட்டி வையுங்கள். காவியும் கரியும் சாக்கும் பிசைய விடுங்கள். பிறகு பிள்ளைகளைப் பல்லாவரம் மலைப் பக்கம் அழைத்துப் போங்கள். மலை வேண்டுமென்றால் நிஜ மலையே அங்கே இருக்கிறது.