பசுமை அறிக்கையும் சீலம்பூர்ச் சந்துகளும்

நாட்டின் அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளும் கைப்பேசிகளும் வடகிழக்குத் தில்லியின் சீலம்பூர்ச் சந்துகளில் வந்து குவிகின்றன. அவற்றைச் சுத்தியலால் உடைத்து, கம்பிகளை எரித்துத் தாமிரம் எடுத்து, சர்க்யூட் போர்டுகளை அமிலத்தில் ஊறவைத்து உலோகம் பிரித்துப் பிழைக்கும் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர். கையுறையோ முகக்கவசமோ இல்லாத அவர்களுடைய மூச்சில் ஈயமும் காட்மியமும் கலக்கின்றன. அதே தில்லியின் நட்சத்திர விடுதிகளில் ‘பசுமைத் தகவல் தொழில்நுட்பம்’ குறித்துக் கருத்தரங்குகள் நடக்கின்றன. இவ்விரு தில்லிகளுக்கும் இடையே உள்ள தொடர்பைக் காணாமல், நிறுவனங்களைப் பசுமைத் தொழில்நுட்பத்தை நோக்கித் தள்ளுவது எது என்ற கேள்விக்கு விடை கிடைக்காது.

முதல் உந்துதல் செலவு. தரவு மையங்களில் சர்வர்களின் எண்ணிக்கையைக் குறைப்பதும், குளிரூட்டும் முறையை மாற்றுவதும் மின்கட்டணத்தைக் குறைக்கின்றன. ஆகவே எவரும் வற்புறுத்தாமலேயே நிறுவனங்கள் அவற்றைச் செய்கின்றன. இரண்டாவது உந்துதல் நற்பெயர். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் ஆயிரம் நிறுவனங்கள் தம் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்பதை 2022-23 நிதியாண்டு முதல் செபி கட்டாயமாக்கியது. அறிக்கைகள் பளபளப்பான தாளில் வெளிவருகின்றன, முதலீட்டாளர்கள் மகிழ்கிறார்கள்.

மூன்றாவது உந்துதல் சட்டம். உண்மையான சோதனை இங்கேதான் தொடங்குகிறது. மின்னணுக் கழிவுக்கான முதல் விதிகள் 2011இல் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய விதிகள், 21 வகைப் பொருள்களுக்கு மட்டும் இருந்த பொறுப்பை 106 வகைகளுக்கு விரிவாக்கின. விற்ற பொருளின் கழிவில் குறிப்பிட்ட விழுக்காடு மறுசுழற்சியாவதை உற்பத்தியாளரே உறுதி செய்ய வேண்டும். முதலில் 60 விழுக்காடு, பிறகு 70, அதன்பின் 80 என்பது இலக்கு.

இந்தப் பொறுப்புக்கு ஒரு விலை உண்டு என்றானதும் பசுமை வெளுத்தது. மறுசுழற்சியாளருக்குக் கிலோவுக்குக் குறைந்தபட்சம் 22 ரூபாய் தர வேண்டும் என்று ஒன்றிய அரசு வரம்பு விதித்தபோது, அதை எதிர்த்து நிறுவனங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தின் படியேறின. 2025 ஏப்ரலில் சாம்சங்கும் எல்ஜியும் அந்த வரிசையில் சேர்ந்தன. 2050க்குள் நிகரக் கரிம உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2022இல் உலகுக்கு அறிவித்த அதே சாம்சங்! சங்கம் அமைக்கும் உரிமைக்காகச் சுங்குவார்சத்திரத்தில் தொழிலாளர்கள் 2024இல் ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்ய நேர்ந்ததும் இதே நிறுவனத்தில்தான். தொழிலாளியின் உரிமையையும் மண்ணின் நலத்தையும் மூலதனம் ஒரே கணக்கேட்டில், செலவுப் பக்கத்தில் எழுதி வைக்கிறது.

கழிவு பெருகுவதும் தற்செயல் அல்ல. 2025 அக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. புதிய பதிப்பை ஏற்க இயலாத, ஆனால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினிகள் ஓர் அறிவிப்பினால் குப்பைக்குரியவையாயின. பழுதுபார்த்துப் பயன்படுத்துவதைவிடப் புதிதாக விற்பதில்தான் லாபம் இருக்கிறது. கட்டற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுத்த கேரளத்தின் அரசுப் பள்ளிகள், ஓர் அந்நிய நிறுவனம் குறிக்கும் தேதிக்காகக் கணினியைத் தூக்கியெறியத் தேவையில்லை. பொதுத்துறையின் கொள்கை முடிவு எதைச் சாதிக்க முடியும் என்பதற்கு அது சான்று.

2022ஆம் ஆண்டு உலகில் உருவான 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது கால்பங்குக்கும் குறைவே. எஞ்சியதில் பெரும்பகுதியைச் சுமப்பவர்கள் சீலம்பூர்த் தொழிலாளர்களைப் போன்ற ஏழைகள். இவர்களைச் சட்டவிரோதிகள் என்று விரட்டிப் பட்டறைகளுக்குச் சீல் வைத்தால், வேலை லோனிக்கோ மொராதாபாத்துக்கோ நகரும். நஞ்சும் உடன் நகரும். மறுசுழற்சித் தொழிலாளர்களை அடையாளம் கண்டு பதிவு செய்யவும், குழுக்களாக அமைக்கவும், பயிற்சியும் பாதுகாப்பும் அளிக்கவும் மாநிலத் தொழிலாளர் துறைக்கு நடப்பு விதிகளே பொறுப்பு தருகின்றன. அந்தப் பிரிவு ஏட்டளவில் உறங்கக் கூடாது.

குறைந்தபட்ச விலையை ஒன்றிய அரசு விட்டுக்கொடுக்கக் கூடாது. அந்தப் பணத்தில் உரிய பங்கு கூலியாகவும், இஎஸ்ஐ மருத்துவமாகவும், பாதுகாப்புக் கருவியாகவும் கழிவைப் பிரிக்கும் கைகளைச் சென்றடைய வேண்டும். தொழிலாளர் கூட்டுறவுகளுக்குக் கழிவை நேரடியாகப் பெறும் உரிமை வேண்டும். அரசு அலுவலகங்களின் கொள்முதலில் நீண்ட ஆயுளும் பழுதுபார்க்கும் வசதியும் நிபந்தனைகளாக வேண்டும். நிறுவனங்களைப் பசுமைக்குத் தள்ளும் ஆற்றல் சட்டத்துக்கு உண்டு. சட்டத்தைச் செயலுக்குத் தள்ளும் ஆற்றல் அமைப்பாகத் திரண்ட தொழிலாளர்களுக்கே உண்டு. சீலம்பூர்ச் சந்துகளில் சங்கத்தின் கொடி ஏறுவதும் சுற்றுச்சூழல் பணியே.