அக்காளும் தம்பியும்



இத்தாலி நாட்டுத் தம்பதியர் ஒருவரைச் சில மாதங்களுக்கு முன் சந்திக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. குழந்தைகள் இல்லமொன்றில் வளரும் ஏழு வயது அக்காளையும் நான்கு வயதுத் தம்பியையும் சுவிகாரம் ஏற்க இசைந்து, அவர்களை நேரில் காண வந்தவர்கள் அவர்கள். ஒன்பது நாட்கள் தங்கினர். நாள்தோறும் இல்லத்திற்குச் சென்று பிள்ளைகளோடு உண்டு, விளையாடி, மாலையில் விடுதிக்குத் திரும்பினர். பத்தாம் நாள் பிள்ளைகளின்றியே தம் நாட்டிற்கு விமானம் ஏறினர்.

முதல் நாள் அச்சிறுமி தம்பியைத் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாளாம். அவன் தின்று முடிக்கும்வரை தனக்குக் கொடுத்த பிஸ்கட்டை அவள் தொடவில்லையாம். ஐந்தாம் நாள்தான் தம்பியை அப்பெண்மணியின் மடியில் விட்டுவிட்டு ஊஞ்சலுக்கு ஓடினாள். அதுவரை அவள் தாயாக இருந்தாள், அன்றுதான் குழந்தையானாள்.

விடைபெறும் வேளையில், "எப்போது வருவீர்கள்?" என்று கேட்டாள். 'நாளை' என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவர்களோ, "நாள் எங்களுக்குத் தெரியாது. வரும்போது உங்கள் இருவருக்காகவும் வருவோம்" என்றனர். இல்லத்து அருட்சகோதரி அதனைத் தமிழில் சொன்னார். நால்வரும் சேர்ந்து எடுத்த நிழற்படம் ஒன்று பிள்ளைகளின் கட்டிலருகே இருக்கிறது.

பெற்றோரும் ஆயத்தம், பிள்ளைகளும் ஆயத்தம். இடையில் இத்தனை தாள்களும் முத்திரைகளும் ஏன் என்று நாமும் சலித்துக்கொண்டோம். ஆனால் காரணம் உண்டு. இந்தியக் குழந்தைகளை வெளிநாட்டாருக்குக் கொடுப்பதில் நடந்த முறைகேடுகளை முன்வைத்து, 1982இல் வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே உச்ச நீதிமன்றத்திற்குக் கடிதம் எழுதினார். அதனையே வழக்காக ஏற்ற நீதிமன்றம், 1984இல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பின் வாயிலாக நெறிமுறைகளை வகுத்தது. குழந்தைகள் கடத்தப்படுவதையும் விற்கப்படுவதையும் தடுக்க, 1993இல் ஹேக் நகரில் பன்னாட்டு உடன்படிக்கை உருவாயிற்று. 2003இல் இந்தியா அதற்கு ஒப்புதல் அளித்தது.

இன்று மத்திய சுவிகார ஆணையமான 'காரா' தடையின்மைச் சான்று வழங்க வேண்டும். பின்னர் சுவிகார ஆணை வேண்டும். முன்பு நீதிமன்றம் வழங்கிய இவ்வாணையை 2022 முதல் மாவட்ட ஆட்சியர் வழங்குகிறார். அதன்பின் இணக்கச் சான்று, கடவுச்சீட்டு, விசா. தடையின்மைச் சான்று கிடைத்துவிட்டால், ஆணை வரும்வரை இந்நாட்டிற்குள்ளேயே பிள்ளைகளைத் தம் பராமரிப்பில் வைத்துக்கொள்ள விதி இடமளிக்கிறது. நம் நண்பர்கள் வந்தபோது அச்சான்று வரவில்லை. எனவேதான் வெறுங்கையோடு திரும்பினர். பிள்ளைகள் புதிய நாட்டை அடைந்த பின்னும் ஈராண்டுகள் அவர்களின் நலன் குறித்த அறிக்கைகள் இங்கு வந்துகொண்டிருக்க வேண்டும். வேலி உயரமானதுதான், உள்ளே நிற்பது இளங்கன்று என்பதை மறவாதிருப்போம்.

எனினும், காத்திருக்கும் பிள்ளைக்குச் சட்டம் விளங்காது. பெரியவர்களின் சொல்தான் விளங்கும். ஆதலால் உறுதியில்லாத நாளைக் குறித்துச் சொல்லாதிருத்தல் நன்று. பரிசுகளைக் குவிப்பதைவிட உடனிருந்து உண்பதும் உறங்க வைப்பதும் மேல். இளையவனின் மழலையில் மயங்கி மூத்தவளை மறந்துவிடலாகாது.

இறுதியாக, நம் இல்லங்களை நோக்கி ஒரு கேள்வி. ஒரு குழந்தைக்கு முதலில் இந்நாட்டிலேயே வீடு தேட வேண்டும் என்பதே சட்டம். அவ்வாறு தேடியும் கிடைக்காதபோதுதான் வெளிநாட்டாரின் முறை வருகிறது. சுவிகாரம் நாடும் நம் குடும்பங்களிற் பல கேட்பது கைக்குழந்தையை. அதுவும் ஒரே குழந்தையை. பள்ளி செல்லும் வயதில், தம்பியின் கையை விட மறுக்கும் சிறுமிக்கு நம்மிடையே கதவு எளிதில் திறப்பதில்லை. அவர்கள் கடல் கடந்து செல்வது குறித்து நாம் வருந்துவதாயின், அவ்வருத்தம் நம் வாசலிலிருந்தே தொடங்கட்டும்.

இதை எழுதும் நாள்வரை ஆணை வரவில்லை. அத்தம்பதியர் தம் வீட்டில் இரண்டு கட்டில்களை ஒரே அறையில் இட்டிருப்பதாக எழுதியிருக்கின்றனர்.