பால் கொடுக்கப் போகும் தாய்க்குக் கூலி பிடிக்காதீர்கள்

நம் கூட்டங்களில் தாய்ப்பால் பற்றிப் பேச்சு வந்தால் அது நஞ்சில்தான் போய் நிற்கும். காசர்கோடு மாவட்டம் பட்ரே கிராமத்தில் எண்டோசல்பான் தாய்ப்பால் வரை வந்துவிட்டதை 2001இல் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் சோதித்துச் சொன்னது. அதைச் சொல்லியே பல பேரை மருந்தடிப்பதிலிருந்து திருப்பியிருக்கிறோம். நல்லதுதான். ஆனால் நஞ்சில்லாத நம் வயலில் வேலை செய்கிற தாயின் பால் அவர் பிள்ளைக்குப் போய்ச் சேருகிறதா என்று மட்டும் நாம் கேட்பதில்லை.

களைக்கொல்லி அடிக்காதவர் வயலில் களை எடுப்பது யார்? பெண்கள்தான். கோனோவீடர் ஓட்டினாலும் குத்தை ஒட்டி நிற்கிற களையைக் கையால்தான் பிடுங்க வேண்டும். மருந்தடிக்கிறவரைவிட நமக்குத்தான் பெண் ஆள் அதிகம் தேவை. அப்போது பொறுப்பும் நமக்குத்தானே அதிகம்?

பிள்ளை பெற்ற மூன்றாம் மாதம், நான்காம் மாதமே களைக்கு வந்துவிடுகிறார்கள். வராவிட்டால் அடுப்பு எரியாது. காலை எட்டு மணிக்கு இறங்கினால் கரையேற ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடுகிறது. அதற்குள் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், ரவிக்கை நனையும். பிள்ளை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்பாமல் விட்டால் நாளுக்கு நாள் குறையும். அப்புறம் வீட்டில், "உனக்குப் பால் பத்தலம்மா"ன்னு சொல்லி மாவு டப்பா வாங்கிடுவாங்க. நேரம் பத்தலைன்னு யாரும் சொல்றதில்லை.

மாடு வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கன்று முட்டினால்தான் நாட்டு மாடு சுரப்பு விடும். கன்று ஈன்ற மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் தேடி வைக்கிறோம். சீம்பாலைக் கன்றுக்கு விடாமல் கறப்பவரைத் திட்டுகிறோம்.

1961ஆம் ஆண்டு மகப்பேறு பயன் சட்டத்தில், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான ஓய்வு போக, பாலூட்ட மட்டும் தினம் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அது ஆலைக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும். வயலுக்குத் தினக்கூலியாக வருகிற பெண் அதில் வரவில்லை. 2005இல் வந்த நூறு நாள் வேலைச் சட்டத்தில்கூட, வேலையிடத்துக்கு ஐந்து சிறு குழந்தைகள் வந்தாலே பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்து அவருக்கும் கூலி தர வேண்டும் என்று எழுதினார்கள்.

எங்கள் வயலில் வரப்போர வேம்பில் ஒரு தூளி கட்டிவிடுவோம். குனிந்து களை எடுக்க முடியாத வயதான அம்மா ஒருவர் வந்து ஆட்டுவார். அவருக்கு அரை ஆள் கூலி. பிள்ளை அழுதால் தாய் ஏறிப் போவார், பால் கொடுத்துவிட்டு வருவார். கூலி முழுசு. மொத்தமாகப் பேசி விடும் வேலையில்தான் சிக்கல். ஒருத்தி ஏறினால் மற்றவர்களுக்கு முகம் சுளிக்கும். அவர்களைக் குறை சொல்லக் கூடாது, அவர்கள் பங்கு குறைகிறதே. அந்த நேரத்துக்கான காசை நிலக்காரர்தான் மேலே போட்டுத் தர வேண்டும். ஒரு ஏக்கர் களைக்கு அது பெரிய பணம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, நமக்குள் பேச வேண்டியது. பழையது எல்லாம் நல்லது என்ற நினைப்பு நம்மில் பல பேருக்கு உண்டு. பிறந்த பிள்ளைக்குத் தேனும் சர்க்கரைத் தண்ணியும் தொட்டு வைக்கிற சேனைப் பழக்கம் வேண்டாம். நம் தேன் எவ்வளவு சுத்தமானாலும் ஒரு வயதுக்குள் கொடுக்கக் கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். பிள்ளை நாளைக்கு ஆறு தடவைக்கு மேல் மூத்திரம் போய், எடையும் ஏறினால் பால் பத்துகிறது என்று அர்த்தம். இதை மாமியாருக்கும் கணவருக்கும் சொல்லுங்கள். அவளுக்குத் தெரியும்.

சம்பாக் களைக்கு ஆள் பேசும்போது, எத்தனை பேர், என்ன கூலி என்பதோடு, "கைப்பிள்ளைக்காரி யாராவது இருக்காங்களா?" என்றும் கேளுங்கள். இருந்தால் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.